அடுத்த நாய் எத்தனை கிலோ?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். ராமு, லேப்ரடார், 12 வயது, 34 கிலோ. ஜூலி, வெள்ளை பாமரேனியன், 14 வயது. ராமுவுக்குப் பின்னங்கால்கள் வலுவிழந்துவிட்டன. வாசலில் ஆறு படிகள். காலையும் மாலையும் நானும் என் கணவரும் போர்வையில் வைத்து அவனை இறக்கி ஏற்றுகிறோம். ஜூலிக்குக் கண் வெளுத்துவிட்டது. நடுராத்திரியில் சுவரைப் பார்த்து நின்று குரைக்கிறாள். எனக்கு 61, அவருக்கு 66. அடுத்தது ராஜபாளையம்தான் என்கிறார் அவர். பெங்களூரில் இருக்கும் மகன் ஹஸ்கி வாங்கித் தருகிறேன் என்கிறான். இவர்கள் இருக்கும்போதே ஒரு குட்டி வந்துவிட்டால் பிரிவைத் தாங்கிக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. எந்த இனம் எங்களுக்குப் பொருந்தும்? இதை இப்போது யோசிப்பதே இந்த இரண்டு ஜீவன்களுக்கும் செய்கிற துரோகமாகத் தோன்றுகிறது. – வாசகி, திருச்சி.

அம்மா, வணக்கம்.

துரோகம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். வயதான நாயைக் கூட்டி வருபவர்கள், நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு இதே கேள்வியைக் கேட்பார்கள். மேசைமேல் படுத்திருப்பவன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற தயக்கம் அது. 12 வருடம் ஓர் உயிரை நன்றாக வைத்துக்கொண்டவர்களுக்குத்தான் நாயில்லாத வாசலை நினைத்தால் பயம் வரும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்று இரண்டு முறை படித்தது அந்தப் போர்வை வரியை. 34 கிலோ, ஆறு படி, தினம் நான்கு தடவை. அடுத்த நாய் எது என்பதற்கான பதில் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில், வீட்டில் இருக்கும் இரண்டு பேரையும் கவனித்துவிடுவோம்.

‘வயசாகிடுச்சு, இனி அவ்வளவுதான்’ என்று விட்டுவிடப்படும் பல நாய்களுக்கு உண்மையில் இருப்பது வலி. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் சர்வசாதாரணம். மூட்டு வலிக்கு நாய் கத்தாது. எழுந்திருக்க இரண்டு முறை முயன்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும், வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சிரைக்கும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். ராமுவின் பின்னங்கால் நகங்களையும் பாருங்கள். நடக்கும்போது பாதத்தை இழுத்து இழுத்து நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருந்தால், மூட்டோடு முதுகுத்தண்டு நரம்பையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரு எக்ஸ்ரே, அப்புறம் சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால் நாய்களுக்கென்றே உள்ள வலி மாத்திரைகளைத் தொடங்கலாம். வீட்டு டப்பாவில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவற்றைப் பாதியாக உடைத்துக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். நம் உடம்பு தாங்குவதை நாயின் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. பாசத்தோடு கொடுத்த மாத்திரையால் ரத்த வாந்தி எடுத்து வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

டைல்ஸ் தரையில் அவன் நடக்கும் வழி முழுக்க ரப்பர் மேட்டோ கோணிச் சாக்கோ போடுங்கள். பாத விரல்களுக்கு நடுவே வளர்ந்திருக்கும் முடியை வெட்டிவிடுங்கள். வழுக்குமோ என்ற பயம் போனாலே பாதி நாய்கள் தானாக எழுந்து நிற்கும். விலா எலும்பு கையில் தட்டுப்படாத அளவுக்குச் சதை இருந்தால் சோற்றைக் குறையுங்கள். மூன்று கிலோ குறைந்தாலும் அந்த இடுப்புக்கு அது பெரிய விடுதலை.

ஜூலி விஷயம் வேறு. வயதான நாயின் கண்ணில் தெரியும் நீலம் கலந்த வெளுப்பு எல்லாமே கண்புரை இல்லை. லென்ஸ் முதிர்ந்து கெட்டிப்படுவதாலும் அப்படித் தெரியும், அதில் பார்வை பெரிதாகக் கெடாது. டார்ச் அடித்துப் பார்த்து மருத்துவர் பிரித்துச் சொல்லிவிடுவார். இரவில் சுவரைப் பார்த்துக் குரைப்பது, மூலையில் போய் மாட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பது, பகல் முழுக்கத் தூங்குவது எல்லாம் மூளை முதுமையின் அறிகுறிகள். மனிதர்களுக்கு வரும் மறதி நோய்க்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் ரத்த அழுத்தம், சிறுநீரகம், பல், காது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பல்வலியால் தூங்காமல் குரைக்கும் கிழ நாயும் உண்டு. இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். நாற்காலி, கட்டிலை இடம் மாற்றாதீர்கள். மாலையில் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் உட்காரவையுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இரண்டும் போய் வரும் தூரம்தான். உள்ளூரில் வசதி இல்லாத பரிசோதனைகளுக்கு அங்கே போகலாம்.

இப்போது குட்டி விஷயம். தொழிலுக்கு வந்த புதிதில், ‘குட்டி வந்தால் பெரியவன் சுறுசுறுப்பாகிவிடுவான்’ என்று ஒரு குடும்பத்துக்கு நானே சொன்னேன். அவர்கள் வீட்டு நாய்க்கு 13 வயது, உங்கள் ராமு மாதிரியே இடுப்பு வலி. மூன்று வாரம் கழித்துத் தடுப்பூசி போட அந்த வீட்டுக்குப் போனேன். குட்டி கூடத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. பெரியவன் கட்டிலுக்கு அடியில், சுவரோடு முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். வெளியே இழுத்துப் பார்த்தால் இரண்டு காது மடலிலும் ஊசிப் பல் குத்திய காய்ந்த ரத்தப் பொட்டுகள். குட்டி தூங்கிய பிறகுதான் தண்ணீர் குடிக்கவே வெளியே வருகிறானாம். ‘இது வந்ததிலிருந்து அவன் ஒதுங்கிட்டான் டாக்டர்’ என்றார் அந்த வீட்டு அம்மா. எட்டு, ஒன்பது வயதில் கால் நன்றாக இருக்கும் நாய்க்குக் குட்டி ஒரு நல்ல துணை. எழுந்து விலகிப் போக முடியாத நாய்க்கு அது ஓயாத தொல்லை. பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து போகும் உரிமையாவது அதற்கு இருக்க வேண்டும் அல்லவா?

நோய்க் கணக்கும் உண்டு. குட்டிகளோடு குடல்புழு வரும், உண்ணி வரும், சமயத்தில் பார்வோ என்ற கொடிய வைரஸ் வயிற்றுப்போக்கும் வரும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தடுப்பூசித் தொடர், மாதத்தில் இரண்டு மூன்று தடவை மருத்துவமனை, இரவு எழுந்து வெளியே கூட்டிப் போவது என்று உங்கள் இருவர் நேரமும் அதற்கே போய்விடும். ராமுவுக்கும் ஜூலிக்கும் மிச்சம் இருக்கும் நாட்கள் அவர்களுடையவை. அவற்றைப் பங்கு போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சரி, இனம். அந்தப் போர்வைக்கு வருவோம்.

நாய் வாங்கும்போது எல்லோரும் கையில் அடங்கும் குட்டியை நினைத்து முடிவெடுக்கிறார்கள். நீங்கள் அதன் கடைசி வருடத்தை நினைத்து முடிவெடுங்கள். இன்று வரும் குட்டி 13 வருடம் இருக்கும் என்றால், அது ராமுவின் நிலைக்கு வரும்போது உங்களுக்கு 74, சாருக்கு 79. அந்த வயதில் இரண்டு பேரும் சேர்ந்து ஆறு படி இறக்கி ஆட்டோவில் ஏற்றக்கூடிய எடை எவ்வளவு? நேர்மையாகச் சொன்னால் 15 கிலோ. மருத்துவமனைக்குத் தூக்கி வர ஆளில்லாததால் வைத்தியம் தள்ளிப்போன பெரிய நாய்கள் எனக்கு நிறையத் தெரியும். வசதி இருந்தது, மனமும் இருந்தது, தூக்கக் கைதான் இல்லை.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது சாருடைய ராஜபாளையம். அவருக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும்தான். நம் மண்ணின் நாய், 2005இல் அஞ்சல்துறை தபால்தலை போட்டுக் கௌரவித்த இனம். பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட காலும் பார்க்கவே கம்பீரம். ஆனால் 25 கிலோவைச் சுற்றி எடை, ஓடியே ஆக வேண்டிய உடம்பு, ஒருவரையே எஜமானாக ஏற்று அந்நியரை உள்ளே விடாத குணம். தோட்டமும், தினம் ஒரு மணி நேரம் அதனோடு ஓடும் இளைஞரும் இருக்கும் வீட்டுக்கு அது ராஜா. வாசலோடு முடிந்துபோகிற வீட்டில் கட்டிப்போட்டால் மூர்க்கம்தான் வளரும். இன்னொன்று, ராஜபாளையத்தின் அந்தத் தூய வெள்ளையோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது உண்டு. உள்காதுக்குத் தேவையான நிறமிச் செல்கள் இல்லாமல் போவதால் வருவது அது. குட்டி வாங்கும் யாராக இருந்தாலும், அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் எடை குறைந்தவை, ஆனால் காற்றாய்ப் பறக்கும் வேட்டை நாய்கள். கண்ணில் ஒரு பூனை பட்டால் உங்கள் கையிலிருக்கும் சங்கிலி போய்விடும், கூடவே நீங்களும் விழுவீர்கள். 60 வயதுக்கு மேல் விழுவது சாதாரண விஷயமா? கோம்பை அசல் காவல் நாய், பழக்கத் தெரிந்த கை வேண்டும்.

மகனுடைய ஹஸ்கி பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்க்கப்பட்ட, இரட்டை அடுக்கு ரோமம் உள்ள நாய் அது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். திருச்சியில் மே மாதம் 40 டிகிரி. அதை ஏசி அறைக்குள் அடைத்து வைக்க வேண்டும், மின்சாரம் போனால் உயிருக்கு ஆபத்து. பக் நாய்க்குக் கதை வேறு, முடிவு அதேதான். மூக்கு சப்பையாக இருப்பதால் இரைக்கவும் முடியாமல் வெயிலில் திணறும். கோல்டன் ரெட்ரீவர் குணத்தில் தங்கம். எடையில் ராமுதான்.

இன்னொரு லேப்ரடார் வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ராமு போன பிறகு மனம் அங்கேதான் போகும். அதே நிறத்தில், அதே பெயரில் ஒரு குட்டி வாங்கிவிடலாமா என்று தோன்றும். எடைக்காக மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதியது செய்கிற ஒவ்வொன்றையும் ‘ராமு இப்படிச் செய்யமாட்டான்’ என்று அளப்பீர்கள். பாவம், அது என்ன செய்யும்?

ஜூலியின் இனம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். நம் ஊரில் பாமரேனியன் என்று சொல்லி வளர்ப்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற இனம்தான், அசல் பாமரேனியன் அதைவிடப் பொடியானது. ஸ்பிட்ஸில் சிறிய வகை ஆறேழு கிலோ எடையில் நின்றுவிடும், நம் வெயிலுக்குப் பழகியது, ஜூலியே சாட்சி, 14 வருடம் இருந்துவிட்டாள். குரைப்பும் உதிரும் முடியும் உங்களுக்குப் புதிதில்லை. பல்லில் காரை கட்டும், நடுவயதுக்குப் பிறகு இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் நாய் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள், வயதான காலத்தில் கருப்பையில் சீழ் கோத்து அவசர அறுவை சிகிச்சைக்கு ஓடுவது மிச்சம்.

ஆனாலும் என் முதல் சிபாரிசு ஸ்பிட்ஸ் இல்லை. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும், கருத்தடை செய்த, ஒரு நாட்டு நாய்ப் பெண். 12 முதல் 15 கிலோ. இதை நான் தர்மத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் வசதிக்காகச் சொல்கிறேன். குட்டியை வாங்கும்போது அது எப்படி வளரும் என்று ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாய் தன்னைக் காட்டிவிடுகிறது. எடை தெரியும், குணம் தெரியும், குழந்தை வந்தால் என்ன செய்யும், தனியே விட்டால் அழுமா, எல்லாம் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். இரவு எழுந்து மூத்திரம் துடைக்கும் வேலை இல்லை. குட்டை முடி, வெயில் ஒரு பொருட்டில்லை, ஒரே வம்சத்துக்குள் திரும்பத் திரும்ப இணை சேர்த்ததால் வரும் பரம்பரை நோய்களும் குறைவு. நான்கு வயதில் வந்தால் அதன் முதுமை வரும்போது சாருக்கு 75 சொச்சம், தூக்க வேண்டியது 15 கிலோ. கணக்கு சரியாக வருகிறது.

காப்பகங்களில் இப்படி நாய்கள் வருடக்கணக்கில் இருக்கின்றன. எல்லோரும் குட்டியைக் கேட்டு வருவதால் இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அது கருத்தடைத் திட்டத்தில் அறுவை சிகிச்சை முடிந்த நாய். ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள், சாரைச் சங்கிலியைப் பிடித்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். இழுக்கும் நாய் வேண்டாம். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறதா என்று காப்பகத்து ஆளைக் கேளுங்கள். அழைத்து வந்த வாரமே உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நம் பக்கத்தில் வெளியே நன்றாகத் தெரியும் நாயின் ரத்தத்திலும் அந்தக் கிருமி ஒளிந்திருக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் வழக்கம்போல்.

இல்லை, குட்டிதான் வேண்டும் என்று மனம் சொன்னால், எட்டு வாரத்துக்குள் தாயிடமிருந்து பிரித்து விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே தடை செய்கின்றன. தாய் நாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள்.

எப்போது என்று கேட்டால் ராமுவுக்கும் ஜூலிக்கும் பிறகு. ராமு முதலில் போனால் ஜூலி இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் அவன் படுத்த இடத்தை மோந்துகொண்டிருப்பாள். அதைப் பார்த்துப் பதறித் துணைக்கு ஒன்றை உடனே கொண்டு வந்துவிடாதீர்கள். கண்ணும் நினைவும் மங்கிய நாய்க்குப் புது நாய் ஆறுதல் தராது, குழப்பத்தைத்தான் கூட்டும். அவள் நேரத்துக்குச் சாப்பாடு, அதே படுக்கை, உங்கள் மடி, அது போதும். இருவரும் போன பிறகு ஒரு மாதமோ ஒரு வருடமோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாய் வேண்டும்’ என்று தோன்றும் நாளுக்கும் ‘ராமு வேண்டும்’ என்று தோன்றும் நாளுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அந்தப் புது நாய் வரும் முன் மகனிடம் ஒன்று பேசிவிடுங்கள். நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் அதை யார் பார்த்துக்கொள்வது? பெயர் சொல்லி, சம்மதம் வாங்கி வையுங்கள். ஹஸ்கிக்குச் செலவு செய்ய நினைத்த பணத்தை அவர் இதற்கு ஒதுக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ராமுவின் நாள் எப்போது என்று எப்படித் தெரியும்? ஆலிஸ் விலலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் இதற்கு ஏழு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஏழையும் மனதில் வைக்க முடியாவிட்டால் கடைசியை மட்டும் வையுங்கள். சமையலறை நாள்காட்டியில் தினமும் இரவு ஒரு குறி, நல்ல நாள் என்றால் வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி. அவனை முன்பின் தெரியாத ஒருவர் பார்த்தால் என்ன சொல்வாரோ அதைப் போடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பெருக்கல் குறியே அதிகமாக இருந்தால் மருத்துவரை வீட்டுக்கு வரச் சொல்லிப் பேசுங்கள். முதலில் மயக்க ஊசி போட்டுத் தூங்க வைத்த பிறகுதான் அடுத்த ஊசி. அவனுக்கு வலிக்காது, தலை உங்கள் மடியில் இருக்கலாம். ஜூலியும் பக்கத்தில் இருக்கட்டும்.

அதுவரை அந்தப் போர்வையை விட்டுவிடுங்கள் அம்மா. போர்வை நடுவில் தொய்வதால் முழுப் பாரமும் வலிக்கிற இடுப்பில்தான் விழும். அகலமான குளியல் துண்டை நீளவாக்கில் மடித்து, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்துப் பிடியுங்கள். ஆண் நாய் என்பதால் சிறுநீர் போகும் இடம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னங்காலால் அவனே நடப்பான், பின்பாரத்தை மட்டும் நீங்கள் ஏந்தினால் போதும். ஆறு படிகளின் ஒரு ஓரத்தில் நீளமான பலகையைச் சரிவாகப் போட்டு, மேலே தேங்காய் நார் மிதியடியை ஆணி அடித்து, பலகை நகராமல் கீழே முட்டுக் கொடுக்கச் சொல்லி இந்த வாரமே ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள். சரிவு செங்குத்தாக இல்லாமல் இருக்கும் அளவுக்குப் பலகை நீளமாக வேண்டும்.